நாகசாகி மருத்துவர் நாகாய்

போர் என்பது முற்காலத்திற் போர்க்களத்தோடு அடங்கி நின்றது. படைக்கலம் ஏந்தியவன் படைக்கலம் ஏந்தியவனோடு பொருதான். ஆவும், ஆனியல் பார்ப்பாரும், பெண்டிரும், பிணியுடையோரும் தமக்குரிய அரண் தேடிச் சேர்ந்த பின்னரே அம்பு விடுத்தல் அறமாகும் எனப் பண்டைத் தமிழ்ச் சான்றோர் கருதினர். ஆனால், இருபதாம் நூற்றாண்டில் மனிதன் வானிற் பறக்கக் கற்றான். பறக்கக் கற்ற சில ஆண்டுகளிலேயே வானிலிருந்து குண்டு வீசவும் கற்றான். அன்றுமுதல் போருக்கு எல்லை இல்லாது போயிற்று. அடுப்பங்கரையும், பள்ளிக்கூடமும், மருத்துவமனையும் போர்க்களமாயின.

1937 ஆம் ஆண்டு ஏப்ரல் 26 ஆம் நாள் ஸ்பெயின் நாட்டுக் குவெர்னிக்கா என்னும் சிற்றூரை விமானங்கள் எரித்தன. 1938 முதல் ஜப்பானிய விமானங்கள் சீன நாட்டுச் சுங்கிங் நகரத்தின்மீது ஆண்டுக்கணக்கிற் குண்டு பொழிந்தன. 1940 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதந் தொடங்கி, இலண்டன் மாநகரம் இடைவிடாமல் 57 இரவுகள் தாக்குண்டது. 1943 இல் ஜெர்மானியரின் ஹாம்பர்க் நகரமும், 1945 இல் டிரெஸ்டன் நகரமும் தீக்கு இரையாயின. 1945 மார்ச்சு மாதம் ஒரே இரவில், எரிகுண்டுகளால் டோக்கியோ நகரத்தில் ஏறத்தாழ 1,00,000 மக்கள் மாண்டனர். ஒருவர் செய்ததை மற்றவர் செய்தனர். முன்னவர் செய்ததினும் மிகுதியாகச் செய்தனர். இக்கொடுமை முற்றி உச்சநிலை எய்தியபோது பிறந்ததே அணுகுண்டு. அக்குண்டு வீழ்ந்த நகரத்தில் வாழ்ந்து, அதன் புண்களுக்கு மருந்திட்டு, அதன் சாம்பலில் ஆயிரம் மலர்மரங்கள் நட்ட ஒரு மருத்துவரின் வரலாற்றையே இங்குக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

தகாஷி நாகாய் 1908 ஆம் ஆண்டு பிப்ரவரி 3 ஆம் நாள் ஜப்பானின் மேற்குக் கரையை அடுத்த மத்சுவே நகரிற் பிறந்தார். அவர் தந்தையார் ஒரு மருத்துவர். சிற்றூரிலிருந்து மக்களுக்குத் தொண்டு செய்தவர். அன்னையாரும் கல்வி நலம் வாய்ந்த பெருமாட்டியார். மைந்தனும் தந்தையின் வழியையே பின்பற்றி, 1928 இல் நாகசாகி மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார்.

மாணவப் பருவத்தில் நாகாய் அறிவியலையே யாவற்றிற்கும் அளவுகோலாகக் கொண்டிருந்தார். கண்ணாற் கண்டு, கருவியால் அளக்கத் தக்கவையே உண்மை. உயிர், அருள், கடவுள் என்பன வெறுஞ் சொற்கள் என்பது அவர் எண்ணம். 1930 ஆம் ஆண்டில் அவர் அன்னையார் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு வீழ்ந்தார். செய்தியறிந்து மைந்தர் விரைந்தோடி வந்தபோது அன்னையாருக்குப் பேசும் ஆற்றல் நீங்கியிருந்தது. அவர் மைந்தரை உற்று நோக்கினார். நோக்கியவாறே உயிர் நீத்தார். அந்த ஒரு நோக்கு, நாகாய் கற்றிருந்த நூல்கள் அனைத்தையும் ஆட்டி அசைத்தது. அன்பு நிறைந்த அப்பார்வை உடலோடு அழிந்துபோகும் பொருளன்று என அவர் உள்ளம் உணர்ந்தது. அறிவியலிற் பேரறிஞராயும் இறையன்பராயும் விளங்கிய பிரெஞ்சு நாட்டுப் பாஸ்கலின் நூலை அவர் கற்கத் தொடங்கினார்.

நாகசாகி நகரின் வடபால் உரகாமி என்னும் பள்ளத்தாக்கு உண்டு. ஜப்பானில் கிறித்தவ சமயம் தடை செய்யப்பட்டிருந்த இருநூற்றைம்பது ஆண்டுக் காலமும் தம் சமயத்தை மறைவாகப் போற்றி வந்த குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. அக்குடும்பங்களுள் ஒன்றாகிய மோரியாமா குடும்பத்தாரின் இல்லத்தில் நாகாய் வாடகைக்குத் தங்கினார். அவர்களுடைய எளிய வாழ்வும் உறுதியும் அவர் மனத்தைக் கவர்ந்தன. 1934 ஆம் ஆண்டில் அவர் அச்சமயத்தைத் தழுவினார். அதே ஆண்டில் அவ்வீட்டு நங்கையாகிய மிதோரியை மணந்தார்.

ஊடுகதிர்த் துறை

1932 இல் பட்டம் பெறும் காலத்தில் நாகாய் கடுங்காய்ச்சலாற் பீடிக்கப்பட்டார். மூளையுறையைத் தாக்கிய அந்நோய் அவர் உயிரைக் கொள்ளாது விட்டதாயினும், வலக்காதின் கேள்வியைக் கொண்டு சென்றது. இதயத் துடிப்பையும் மூச்சொலியையும் காதாற் கேட்டு நோயறிய வேண்டிய மருத்துவருக்கு இஃது எத்துணைப் பெரிய இழப்பு! வேறொருவராயின் மனமுடைந்து மருத்துவத் தொழிலையே துறந்திருப்பர். நாகாயோ காதால் ஆகாததைக் கண்ணாற் செய்யலாம் எனத் துணிந்தார். உடலை ஊடுருவி உள்ளுறுப்புகளைக் காட்டும் எக்ஸ் கதிர்த் துறையை அவர் மேற்கொண்டார். அந்நாளில் அத்துறை இளந்துறை. அதன் பயனை அறிந்தோர் சிலர். அதன் தீங்கை அஞ்சியோர் பலர்.

ஜப்பானிய அரசு சீனத்தின்மீது போர் தொடுத்தபோது, நாகாய் படை மருத்துவராக 1937 முதல் 1940 வரை அந்நாட்டிற் பணியாற்றினார். புண்பட்டு வந்தவருள் தம் நாட்டார், பிற நாட்டார் என்ற வேற்றுமை அவருக்குத் தோன்றவில்லை. வீடிழந்து தெருவில் நின்ற சீன மக்களுக்கும் அவர் மருந்திட்டார். தம் நாட்டுப் படை பிறர் நாட்டில் விளைத்த துயரத்தை அவர் அங்குக் கண்ணாரக் கண்டார். அவர் அங்கிருந்த காலத்திலேயே, அவர் தந்தையாரும் இளம் மகள் ஒருத்தியும் இறந்தனர்.

தாயகம் திரும்பிய நாகாய்க்குப் பெரும்பணி காத்திருந்தது. ஜப்பானில் அக்காலத்தில் எலும்புருக்கி நோய் ஆண்டுதோறும் எண்ணற்ற இளைஞரைக் கொன்று வந்தது. அந்நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால்தான் தடுக்க இயலும். கண்டறிய எக்ஸ் கதிரே துணை. போர்க்காலமாதலின் படச்சுருள் கிடைத்தல் அரிதாயிற்று. ஆகவே, நாகாய் கதிர்க்கருவியின் எதிரில் நின்று, திரையில் விழும் நிழலைத் தம் கண்ணால் நேரே பார்த்து நோயறிந்தார். நாள்தோறும் எண்ணிறந்தோர் வந்தனர். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நொடிப்பொழுது கதிரை ஏற்றுச் சென்றனர். மருத்துவரோ நாள் முழுவதும் அக்கதிரில் நின்றார். அதன் தீங்கை அவர் அறியாதவர் அல்லர், அறிந்தே நின்றார்.

அதன் பயன் 1945 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிப்பட்டது. அவர் உடலைச் சோதித்தவர்கள் இரத்தத்தில் வெள்ளணுக்கள் அளவிறந்து பெருகியிருத்தலைக் கண்டனர். அது தீராத இரத்தப் புற்றுநோய். இன்னும் ஏறத்தாழ மூன்றாண்டுகளே வாழ்நாள் என்பது தெரிந்தது. அச்செய்தியை நாகாய் மனைவியிடம் மறைக்கவில்லை. மிதோரி அதனை அமைதியோடு ஏற்றார். கணவர் மறைந்த பின் மக்களை வளர்த்து ஆளாக்குதல் தம் கடமை என அவர் உறுதி கொண்டார். இறப்பவர் கணவர், எஞ்சி வாழ்பவர் மனைவி என்று இருவரும் எண்ணினர். ஆனால், இரண்டு திங்களில் நிகழ்ந்ததோ வேறு.

ஆகஸ்டு ஒன்பது

1945 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள் ஹிரோஷிமா நகரத்தின்மேல் அமெரிக்க விமானம் ஒன்று முதல் அணுகுண்டை வீசியது. மூன்று நாள் கழித்து, ஆகஸ்டு 9 ஆம் நாள் காலையில், இரண்டாவது குண்டைச் சுமந்துகொண்டு மற்றொரு விமானம் புறப்பட்டது. அது நாடிச் சென்ற நகரம் கொக்குரா. அங்கு வானம் மறைந்திருந்தமையால் இலக்குப் புலப்படவில்லை. விமானம் திரும்பி நாகசாகியை நோக்கிப் பறந்தது. ஒரு நகரத்தின் வானை மறைத்த மேகமும் புகையும் அந்நகரைக் காத்து, மற்றொரு நகரத்தை அழிவிற்கு ஆளாக்கின.

முற்பகல் 11 மணி 2 நிமிடம். உரகாமிப் பள்ளத்தாக்கின்மேல் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. 21,000 டன் வெடிமருந்துக்கு ஒப்பான ஆற்றல் ஒரு கணத்தில் வெளிப்பட்டது. முதலில் கண்ணைப் பறிக்கும் ஒளியும் பொறுக்கலாகா வெப்பமும். அடுத்துக் கட்டடங்களை நெரித்துத் தள்ளும் காற்றின் மோதல். இவற்றோடு, கண்ணுக்கும் செவிக்கும் புலனாகாத கதிரியக்கம். இம்மூன்றும் சேர்ந்து ஊரை அழித்தன. குன்றுகள் இடைநின்று தடுத்தமையால் நகரின் பிற பகுதிகள் ஓரளவு தப்பின. உரகாமி அடியோடு மாய்ந்தது. அன்றும் அவ்வாண்டு முடிவதற்குள்ளும் நாகசாகியில் இறந்தோர் ஏறத்தாழ 74,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் போர்வீரர் அல்லர். உழைப்பாளிகளும், இல்லத்தரசியரும், முதியோரும், சிறுவருமே ஆவர்.

நாகாய் பணிபுரிந்த மருத்துவமனை வெடிப்பின் மையத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர்த் தொலைவில் இருந்தது. கற்காரைச் சுவர்கள் நின்றமையால் அவர் உயிர் தப்பினார். எனினும், உடைந்து பாய்ந்த கண்ணாடித் துண்டுகள் அவர் வலப்பக்கத்தைத் துளைத்தன. நெற்றிப்பொட்டின் இரத்தக்குழாய் அறுந்து குருதி பீறிட்டது. மரக் கட்டடங்களில் பாடங் கேட்டுக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்கள் இருந்த இடத்திலேயே மாண்டனர். கல்லூரியிலும் மருத்துவமனையிலுமாக ஆசிரியர், மாணவர், செவிலியர் என ஏறத்தாழ 900 பேர் உயிரிழந்தனர்.

எஞ்சியோர் ஒரு சிலரே. மருந்தில்லை, கருவியில்லை, நாற்புறமும் தீ. காயமுற்றோர் ஒருவர்மேல் ஒருவராக வந்து குவிந்தனர். நாகாய் ஒரு கையால் தம் புண்ணை அழுத்திக்கொண்டு மறுகையால் பிறர் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். நோயாளிகளைத் தீயிலிருந்து மீட்டு, மருத்துவமனையின் பின்னுள்ள குன்றின்மேற் கொண்டு சேர்க்க ஏற்பாடு செய்தார். சிதறியவர்கள் கண்டு வந்து கூடுவதற்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துத் தம் முகத்திலிருந்து வடிந்த குருதியாலேயே அதன் நடுவில் வட்டம் வரைந்து கொடியாக நாட்டினார். குருதி மிகுதியும் இழந்தமையால் பின்னர் அவரும் மயங்கி வீழ்ந்தார். உடனிருந்த மருத்துவர்கள் அவர் புண்ணைத் தைத்தனர். உணர்வு வந்ததும் அவர் மீண்டும் எழுந்து பணியைத் தொடர்ந்தார்.

மிதோரி வரவில்லை. கணவர் உயிரோடிருப்பது தெரிந்தால், நடக்க இயலும் அளவு வலிமை இருப்பினும் அவர் வந்திருப்பார். அவர் வாராமையே நாகாய்க்குச் செய்தியாயிற்று. ஆயினும், பணியை விட்டு அவர் உடனே வீடு செல்லவில்லை. மூன்றாம் நாளே சென்றார். வீடு இருந்த இடத்திற் சாம்பலே இருந்தது. சமையலறை இருந்த இடத்தில் கருகிய சில எலும்புகள் கிடந்தன. அவற்றினருகே மிதோரியின் செபமாலை உருகிக் கிடந்தது. அவ்வெலும்புகளை ஒரு வாளியில் ஏந்திக்கொண்டு அவர் நடந்தார். தம் எலும்புகளை மனைவி சுமந்து செல்லும் நாள் வரும் என்று நினைத்திருந்தவர், மனைவியின் எலும்புகளைத் தாம் சுமக்க நேர்ந்தது. மக்கள் இருவரையும் பாட்டியாரோடு முன்னரே மலைப்புறத்துச் சிற்றூருக்கு அனுப்பியிருந்தமையால் அவர்கள் பிழைத்தனர். மகன் மகோதோவுக்கு அப்பொழுது வயது பத்து. மகள் கயானோவுக்கு வயது மூன்று.

அமெரிக்க விமானங்கள் வீசிய துண்டுத்தாள் ஒன்று கையிற் கிடைத்த பின்னரே, தங்களைத் தாக்கியது அணுகுண்டு என்பதை நாகாயும் நண்பர்களும் அறிந்தனர். அணுவின் ஆற்றலை ஆராய்ந்து வந்தவர் அவர். அறிவியலின் பெருவெற்றி ஒன்று நிகழ்ந்துவிட்டது என்ற வியப்பும், அவ்வெற்றி தம் மக்களின் பிணக்குவியலில் நிகழ்ந்தது என்ற வேதனையும் அவர் உள்ளத்தில் ஒருங்கே எழுந்தன.

சாம்பலிற் செய்த தொண்டு

நாகாயும் அவருடன் எஞ்சிய மருத்துவரும் செவிலியரும் மலைப்புறத்தில் மருத்துவ நிலையம் ஒன்று அமைத்தனர். வீடு வீடாக நடந்து சென்று, ஏறத்தாழ இரண்டு திங்கள் பணியாற்றினர். வெளிப்புண் ஒன்றும் இல்லாதவர்களும் சில நாள் கழித்து மயிர் உதிர்ந்து, ஈறுகளிற் குருதி வடிந்து, உடலெங்கும் ஊதா நிறப் புள்ளிகள் தோன்றி இறந்தனர். இஃது என்ன நோய் என மக்கள் திகைத்தனர். கதிரியக்கத்தின் கேட்டை முன்னரே அறிந்த நாகாய், இது கதிர்களால் விளைந்தது என உணர்ந்து, நோயின் வரலாற்றைக் குறித்து வைத்துக் கல்லூரிக்கு அறிக்கை எழுதினார். அவருடைய குறிப்புகள் அணுகுண்டு நோயைப் பற்றிய முதற் பதிவுகளுள் அடங்கும். செப்டம்பரில் அவர் நோயும் புண்ணும் ஒருங்கே முற்றி, உயிர் ஊசலாடியது. எப்படியோ அவர் பிழைத்தெழுந்தார்.

உரகாமியில் இனி 75 ஆண்டுகள் புல் பூண்டும் முளையா. மனிதர் எவரும் வாழ இயலாது என ஒரு வதந்தி பரவியது. மக்கள் அவ்விடத்தை நெருங்க அஞ்சினர். நாகாய் அவ்வச்சத்தைச் சொற்களாற் கடியவில்லை; நேரே சென்று நிலத்தை உற்று நோக்கினார். குண்டு வெடித்த சில வாரங்களில் எறும்புகள் ஊர்தலைக் கண்டார். பின்னர் மண்புழுக்களைக் கண்டார். இச்சிற்றுயிர்கள் வாழும் மண்ணில் மனிதனும் வாழலாம் எனத் தெளிந்தார். பிறர்க்கு உரைப்பதைத் தாம் செய்து காட்ட எண்ணி, தம் வீடு இருந்த இடத்திலேயே இடிந்த மரமும் தகரமும் கொண்டு குடில் அமைத்துத் தங்கினார். அவரைக் கண்டு மற்றவரும் ஒருவர் ஒருவராகத் திரும்பினர்.

கீழைநாடுகளிலேயே பெரியது எனப் போற்றப்பட்ட உரகாமிப் பேராலயம் இடிந்து கிடந்தது. அதன் இரு மணிகளுள் ஒன்று உடைந்தது. மற்றொன்றை இடிபாடுகளுக்கு அடியிலிருந்து மக்கள் பழுதின்றி மீட்டனர். 1945 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முன்னிரவில், மரக்கட்டைகளை நாட்டி அதனைத் தொங்கவிட்டு ஒலித்தனர். நான்கு திங்களாக அழுகையன்றி வேறொன்றும் கேளாத அப்பள்ளத்தாக்கில் மணியோசை எழுந்தது. பின்னர் நாகாய் எழுதிய நூலுக்கு நாகசாகியின் மணி என்பதே பெயராயிற்று.

அதற்கு முந்தின மாதத்தில், ஆலய முற்றத்தில் இறந்தோர்க்காக நடந்த வழிபாட்டில் நாகாய் ஓர் உரை நிகழ்த்தினார். போர் முடிவதற்காக உரகாமி மக்கள் களங்கமற்ற பலியாயினர் என அவர் கூறினார். உற்றாரை இழந்தோர்க்கு அவ்வுரை ஆறுதல் அளித்தது. ஆனால், போரைத் தொடங்கியவரும் குண்டை வீசியவரும் தம் பொறுப்பிலிருந்து தப்ப அஃது இடந்தருமே எனப் பிற்காலத்தார் சிலர் அதனை மறுத்தனர். இரு சாரார் கருத்தும் எண்ணிப் பார்க்கத் தக்கவை. துயருற்றோரைத் தேற்றுதல் வேறு. தீமை விளைந்த வழியை ஆராய்தல் வேறு. இரண்டும் வேண்டுவனவே.

சிறு குடில்

1946 ஆம் ஆண்டில் நாகாய் கல்லூரிப் பேராசிரியராக உயர்ந்தார். அவ்வாண்டு ஜூலையில் அவர் தளர்ந்து வீழ்ந்தார். அதன்பின் படுக்கையை விட்டு எழவே இல்லை. 1948 இல் அன்பர்கள் அவருக்கு ஒரு சிறு குடில் கட்டித் தந்தனர். இரண்டு பாய் விரித்தால் நிறைந்துவிடும் அளவே அதன் பரப்பு. தன்னைப் போலவே பிறரையும் நேசித்தல் என்னும் பொருள்பட, அதற்கு நியோகோதோ எனப் பெயரிட்டார். அதிற் படுத்தவாறே அவர் எழுதினார். நோயால் வயிறு வீங்கி, இருக்கவும் இயலாத நிலையிலும், மூன்றாண்டுக் காலத்தில் பல நூல்களை எழுதி முடித்தார்.

நாகசாகியின் மணி என்னும் நூலை 1946 ஆம் ஆண்டிலேயே எழுதி முடித்தார். ஆயினும், ஜப்பானை ஆண்டுகொண்டிருந்த அமெரிக்கப் படை ஆட்சியினர் அதனை உடனே வெளியிட இசையவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரில் ஜப்பானியப் படையினர் இழைத்த கொடுமைகளைக் கூறும் பகுதி ஒன்றை உடன் சேர்த்து வெளியிட வேண்டும் என்றனர். அவ்வாறே 1949 இல் அந்நூல் வெளிவந்தது. நாடெங்கும் மக்கள் அதனை விரும்பிப் படித்தனர். அடுத்த ஆண்டில் அது திரைப்படமாகவும் வந்தது.

இக்குழந்தைகளை விட்டுச் செல்கிறேனே என்னும் கருத்துடைய மற்றொரு நூல் 1948 இல் வெளிவந்தது. அதில் நாகாய் கூறும் ஒரு நிகழ்ச்சி கல்நெஞ்சையும் கரைக்கவல்லது. அவருடைய மண்ணீரல் மிகப் பெருத்திருந்தது. யாரேனும் சிறிது மோதினாலும் அது வெடித்து உயிர் போகும். ஆதலால், குழந்தைகள் தம்மருகே வரலாகாது எனக் கட்டளையிட்டிருந்தார். தாயில்லாக் குழந்தை கயானோ தந்தையின் மடியில் ஏற விரும்பினாலும் ஏற இயலாது. எட்ட நின்றே பார்க்கும். ஒரு நாள் அவர் கண் மூடிக் கிடந்தார். தந்தை உறங்குகின்றார் என எண்ணிய சிறுமி மெல்ல அருகில் வந்து, தன் குளிர்ந்த கன்னத்தை அவர் கன்னத்தோடு வைத்து, அவர் உடலின் மணத்தை நுகர்ந்து மகிழ்ந்தது. நாகாய் உறங்கவில்லை. கண் திறந்தால் குழந்தை ஓடிவிடும்; திறவாதிருந்தால் இன்பம் நீடிக்கும்; ஆயினும், குழந்தையிடம் தம்மீதுள்ள பற்று வளர்ந்தால், தாம் இறக்கும் நாளில் அதன் துயரமும் வளருமே! அவர் கண் திறவாமலே கிடந்தார். குண்டுகளால் இறந்தோரின் எண்ணிக்கையை நாம் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறோம். அவ்வெண்களுள் ஒவ்வொன்றுக்குப் பின்னும் இத்தகைய கன்னம் ஒன்று இருந்தது என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

நூல்களால் வந்த பொருளை நாகாய் தமக்கெனச் சேர்த்து வைக்கவில்லை. பெரும்பகுதி உரகாமியைப் புதுக்குதற்குப் பயன்பட்டது. ஒரு பத்திரிகையார் அளித்த பரிசுப் பணத்தைக் கொண்டு, 1,000 செர்ரி மரக்கன்றுகளை வாங்கிப் பள்ளிகளிலும் ஆலயத்திலும் தெருவோரங்களிலும் நடச் செய்தார். அம்மரங்கள் பூத்துக் குலுங்கும் காட்சியைத் தாம் காணப்போவதில்லை என்பதை அவர் அறிவார். அன்னை தந்தையை இழந்த சிறுவர்க்குப் படிக்க நூலில்லையே என வருந்தி, தம் குடிலின் அருகிலேயே சிறு நூலகம் ஒன்றையும் அமைத்தார்.

கண்ணும் காதும் இழந்தும் கல்வியாற் சிறந்த ஹெலன் கெல்லர் அம்மையார் 1948 இல் அக்குடிலுக்கு வந்து அவரைக் கண்டார். 1949 இல் ஜப்பானியப் பேரரசரும் அவரைச் சந்தித்தார். அவ்வாண்டில் நாகசாகி நகரம் அவரைத் தன் முதல் மதிப்புறு குடிமகனாக ஏற்றுச் சிறப்பித்தது.

மக்களுக்கு விடுத்த கட்டளை

1947 இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானின் புதிய அரசியல் சட்டம், அந்நாடு போரை என்றென்றைக்கும் துறந்துவிட்டது என விதித்தது. தம் மக்கள் இருவர்க்கும் எழுதிய நூலில் நாகாய் இதனை எடுத்துக் கூறினார். நாட்டில் மீண்டும் போர் வேண்டும் என்போர் எழுவர். அப்பொழுது எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தாலும், நீங்கள் இருவர் மட்டுமேயாயினும் போர் வேண்டா என நில்லுங்கள். கோழைகள் என்றும் துரோகிகள் என்றும் பிறர் ஏசினாலும் அசையாதீர்கள் என்னும் கருத்துப்பட அறிவுறுத்தினார். தந்தை மக்கட்கு வைத்துச் சென்ற செல்வம் அதுவே.

1951 ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாளன்று நாகாய் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். தம் நோயின் இறுதி நிலையை மருத்துவ மாணவர்கள் கண்டு கற்கவேண்டும் என்பது அவர் விருப்பம். அன்றிரவே அவர் ஆவி பிரிந்தது. அப்பொழுது அவருக்கு வயது 43. அவர் விரும்பியவாறே அவர் உடல் ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று. வாழ்நாள் முழுவதும் பிறர் உடலில் நோய் தேடிய கண்கள் மூடிய பின், அவருடைய உடலே பிறர்க்குப் பாடநூலாயிற்று. மே 14 ஆம் நாள் நகரத்தார் எடுத்த இறுதிச் சடங்கில் ஏறத்தாழ 20,000 மக்கள் கூடினர். அவர் மிதோரியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

முடிவுரை

உரகாமிப் பேராலயத்தின் உடைந்த மணி இருந்த கோபுரம் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் வெறுமையாகவே இருந்தது. பின்னர் அமெரிக்க நாட்டு மக்கள் பலர் பொருள் உதவிப் புதிய மணி ஒன்றை வார்த்து அளித்தனர். 2025 ஆம் ஆண்டு ஆகஸ்டு 9 ஆம் நாள், குண்டு வெடித்த அதே முற்பகல் 11 மணி 2 நிமிடத்தில், பழைய மணியும் புதிய மணியும் சேர்ந்து ஒலித்தன. குண்டு வீசிய நாட்டார் தந்த மணியும், குண்டுக்குத் தப்பிய மணியும் ஒரே ஓசையாய் அப்பள்ளத்தாக்கில் நிறைந்தன.

அணுவைப் பிளந்ததும் அறிவே. அதனால் வெந்த புண்ணை ஆற்ற முனைந்ததும் அறிவே. எக்ஸ் கதிர் பிறர் நோயைக் காட்டவும் செய்தது; காட்டியவரைக் கொல்லவும் செய்தது. அறிவு தானே நன்மையுமன்று, தீமையுமன்று. அதனை ஏந்தும் கையின் தன்மையே அதன் தன்மையாகும். கையில் ஒன்றுமில்லாத நிலையிலும் தம் குருதியையே மையாக்கிக் கொடி வரைந்து, நொந்தவரை ஒன்றுகூட்டியவர் நாகாய். தாம் காணப்போகாத மலர்களுக்காக மரம் நட்டவர் அவர். கல்வி கற்று நாளை மருத்துவராகவும், பொறிவல்லுநராகவும், அறிவியலாராகவும் விளங்கவிருக்கும் மாணவர்கள், தாம் கற்கும் கல்வி யார்மீது குண்டாய் வீழப்போகிறது, யாருக்கு மருந்தாய் உதவப்போகிறது என்பதை எண்ணிப் பார்க்கும்தோறும், நாகசாகியின் சிறு குடிலில் வாழ்ந்த அம்மருத்துவரை நினைவு கூர்வார்களாக.